மிக்சருக்கு வாங்கிய பெல்ட்

ஜூன் 3, திங்கள்

மில்லில் முப்பத்து நாலு வருஷம் ஷிப்ட் லாக் எழுதிய கை இது. ரிட்டயர் ஆகி நாலு வருஷமாக எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. இன்றைக்கு வந்துவிட்டது.

காலையில் அசோசியேஷன் செயலாளர் மயில்சாமி மூன்றாம் மாடிக்கு வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் நாய் குரைக்கிறதென்று கீழ்வீட்டிலிருந்து இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். கீழ்வீட்டு நிவேதாவுக்குக் கைக்குழந்தை. இந்த மாதக் கடைசிக்குள் குரைப்பு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. அப்புறப்படுத்த அது என்ன பழைய சோபாவா என்று கேட்டேன். கோவித்துக்கொள்ள வேண்டாம், கமிட்டி முடிவு என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியில் இறங்கிவிட்டார்.

எனக்கு அது குரைப்பது அவ்வளவாகக் கேட்பதில்லை. நூற்பு மெஷின் ஓடுகிற கொட்டகையில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு மெல்லிய சத்தமெல்லாம் எப்போதோ போய்விட்டது. டாக்டர் காது மெஷின் எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு திரிய எனக்கு என்ன தலையெழுத்து.

நாயை அனுப்ப முடியாது. காரணத்தை எழுதி வைக்கிறேன். பிப்ரவரி கடைசியில் என் மனைவி சாரதாமணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் புரிகிறது. அவள் நினைப்பதைச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. எழுதவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெனிட்டா, முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் பெரிய வரவு, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஒரு நாளும் விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். காலை பதினொன்றுக்கு இருபது நிமிஷம், சாயங்காலம் ஐந்துக்கு இருபது நிமிஷம், அடிவயிற்றிலிருந்து சத்தமாகப் பேசிப் பழக வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினால் அவளுக்கு நாக்கு கட்டிக்கொள்கிறதாம். அதனால் அந்த நேரத்தில் நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

அவள் பேசுவது மிக்சரிடம்தான். அப்பன் ஒரு பொமரேனியன், தாய் தெருநாய். இரண்டும் கலந்ததால் சாரதாதான் மிக்சர் என்று பேர் வைத்தாள். உணர்ச்சியில்லாத அவள் வலது பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு இருபது நிமிஷமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். இந்த மூன்று மாதத்தில் பன்னிரண்டு வார்த்தை வந்திருக்கிறது. முதலில் வந்தது "மிச்சு." முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய என் பேர் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை, அதனால் நான் வருத்தப்படவும் முடியாது. ஒரு "ஏனுங்க"வாவது வந்திருக்கலாம்.

அந்த நாயை அனுப்பினால் பதின்மூன்றாவது வார்த்தையை அவள் யாரிடம் சொல்வாள்?

ஜூன் 5, புதன்

வழி கிடைத்தது. காந்திபுரத்தில் நாய் சாமான் விற்கிற ஒரு கடையில் ரிமோட் பெல்ட் வாங்கினேன். கழுத்தில் கட்டிவிட்டால் போதும். பெல்ட்டில் ஒரு சின்னத் துளை, அதுதான் மைக். குரைக்கிற சத்தம் விழுந்ததும் முதலில் பீப் என்று எச்சரிக்கும், உடனே உள்பக்கம் இருக்கிற இரண்டு முள் வழியாகக் கரண்ட் கொடுக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குரைத்தது என்று ரிமோட்டில் எண் காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த எண்தான். மில்லில் நான் எப்போதும் சொல்வேன், காது ஏமாற்றும், மீட்டர் ஏமாற்றாது.

கரண்ட் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. மூன்றில் வைத்து என் மணிக்கட்டில் கட்டி ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன். சுருக்கென்றது. கரண்டோடு காலம் தள்ளினவனுக்கு அது கொசுக்கடி. மிக்சருக்கும் மூன்றே போதும், நான் ஒன்றும் கசாப்புக்காரன் இல்லை. பீப் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்றேன். கடைக்காரர் சிரித்தார். மைக் எவ்வளவு சத்தத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்பதற்கு ஒன்று முதல் ஏழு வரை இருக்கிறது. ஏழு என்றால் சின்னச் சத்தத்தையும் விடாதாம். அரைகுறை எதற்கு என்று ஏழில் வைத்துவிட்டேன். கூட வந்த காகிதத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சீன எழுத்து, மறுபக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ். படிக்கவில்லை.

கழுத்தில் கட்டும்போது சாரதா பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள். அது அவளுடைய பன்னிரண்டில் ஒன்று. இன்னொரு தடவையும் "இல்ல" என்றாள். அவனை நம்மோடு வைத்துக்கொள்ளத்தான் இது என்று விளக்கிச் சொன்னேன்.

ஜூன் 6, வியாழன்

முதல் நாள் எண்: 41. இவ்வளவு குரைத்திருக்கிறது, எனக்கு இரண்டோ மூன்றோதான் காதில் விழுந்தது. நிவேதா எழுதிக் கொடுத்ததில் தப்பே இல்லை.

அரிசிம்பருப்புச் சோறு செய்தேன். அடி பிடித்துவிட்டது. சாரதா மூக்கைச் சுளித்துவிட்டுச் சாப்பிட்டாள்.

ஜூன் 8, சனி

33. காலை பதினொன்றரைக்கு ரிமோட்டைப் பார்த்தபோதே 18 காட்டியது. இந்த நாய்க்குப் பதினொரு மணிக்கு என்ன வருகிறதோ. கொரியர்காரர்கள் வருகிற நேரம் அது, லிஃப்ட் சத்தத்துக்குக் குரைக்கிறது போலிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால்காரர் வருவார். கணக்கு சரியாக வருகிறது.

ஜூன் 11, செவ்வாய்

17. இறங்கிக்கொண்டே வருகிறது. புது மோட்டார் போட்டால் நாலு நாள் முனகும், அப்புறம் சொன்னபடி கேட்கும். நாயும் அப்படித்தான் போலும்.

ஒரு விஷயம் மட்டும் மனசுக்குச் சரியாக இல்லை. மிக்சர் இப்போதெல்லாம் சாரதாவின் காலடியில் படுப்பதில்லை. படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் ஒண்டிக்கொள்கிறது. அவளும் அதை அண்ட விடுவதில்லை. பயிற்சிக்கு உட்காரும்போது அது பக்கத்தில் வந்தால் இடது கையில் இருக்கிற ஊன்றுகோலால் தள்ளிவிடுகிறாள். நேற்று நானே பார்த்தேன். சீக்கு வந்தவர்களுக்கு மனசு இப்படி மாறும் என்று பெனிட்டா முன்பே சொல்லியிருக்கிறாள். உயிராக வைத்திருந்த நாயையே வெறுக்கிற அளவுக்குப் போய்விட்டதே என்று இருந்தது.

ஜூன் 13, வியாழன்

காலையில் பார்த்தால் பெல்ட்டின் கொக்கி கழன்று கிடக்கிறது. நேற்றும் இப்படித்தான் கிடந்தது. மட்டமான கொக்கி. டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒயர் கட்டுகிற நைலான் டேகை எடுத்துக் கொக்கியைச் சேர்த்து இறுக்கிவிட்டேன். இனிக் கட்டர் இல்லாமல் யாராலும் கழற்ற முடியாது. நான் இறுக்கிக்கொண்டிருந்தபோது சாரதா ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தாள். காப்பி கேட்கிறாள் என்று போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

எண்: 12.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு அவள் என்னிடம் என்னவோ சொல்லப் பார்த்தாள். இடது கையைக் கழுத்தில் வைத்து அமுக்கிக் காட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்றேன், இல்லை. தொண்டை வலியா, இல்லை. மறுபடி கழுத்தைப் பிடித்தாள், பிறகு படுக்கையறைப் பக்கம் கையை நீட்டினாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். கட்டிலும் பீரோவும் ஒட்டி இருக்கிற மூலையைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது மேலே உலோகம் எதுவும் இருக்கக் கூடாதென்று தாலிக்கொடியைக் கழற்றிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டு, கொடியைப் பீரோவில் வைத்தவன் மறந்தே போனேன். மூன்று மாதமாக வெறும் கயிற்றோடு இருக்கிறாள். நான் ஒரு மடையன். கழுத்தைத் தொட்டுக் காட்டி அவளாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டேனே.

ஜூன் 21, வெள்ளி

வளர்பிறை, நல்ல வெள்ளி. கொடியைப் புளி போட்டுக் கழுவிக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் போட்டேன். அவள் அழுதாள். அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அவள் அப்பா இறந்தபோதுகூட. அழுது முடித்து என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் கிடந்த மிக்சரைக் காட்டினாள். அவனுக்கும் குங்குமம் வைக்கச் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டே வைத்தேன்.

சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புனாவில் இருக்கிற மகன் திலீபனுக்குப் போட்டோ அனுப்பினேன். சூப்பர்ப்பா என்று பதில் போட்டான்.

எண்: 4.

ஜூன் 24, திங்கள்

பயிற்சி நேரத்தில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். சாரதா வாயைத் திறக்கவே இல்லை. பயிற்சித் தாள் மடியில் கிடக்கிறது, அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். மிக்சர் எப்போது வந்ததோ, இரண்டடி தள்ளி நின்று அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். தாளை எடுத்துக் கையில் கொடுத்தேன், கீழே போட்டாள். மறுபடி கொடுத்தேன், மறுபடி போட்டாள்.

"உனக்கு நல்லாகணும்ங்கற நெனப்பே இல்ல சாரதா. இன்னும் எத்தன நாளைக்கு நான் சோறு பொங்கிப் போட்டுட்டு இருக்கறது?"

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. மில் கொட்டகையில் கத்திப் பழகிய தொண்டை, அடங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மிக்சர் பாய்ந்து ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

காலையிலிருந்து பூஜ்யமாக இருந்த எண், அந்த ஐந்து நிமிஷத்தில் 9. நான் அவளைத் திட்டினதற்கு இந்த நாய் எதற்குக் குரைத்ததோ.

ஜூன் 26, புதன்

பூஜ்யம்!

மயில்சாமியைக் கூப்பிட்டு ரிமோட்டைக் காட்டினேன். இப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது, எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று போட்டோ எடுத்துக்கொண்டார். நோட்டீசை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் ரவா கேசரி கிண்டினேன், கட்டி தட்டாமல் வந்தது. நிவேதா வீட்டுக்கும் ஒரு டப்பா கொடுத்தேன். சாரதா தொடவில்லை.

ஜூன் 29, சனி

பூஜ்யம். வீடே அமைதியாக இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

நிவேதா கேசரி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், இடுப்பில் குழந்தை. வெறும் டப்பாவாகக் கொடுக்காமல் முறுக்கு போட்டிருந்தாள். சாரதாவின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"அங்கிள், அம்மா பேசிப் பழகற சத்தமே இப்பெல்லாம் கேக்கறதில்லீங்களே. பாப்பாவத் தூங்க வெக்கையில நான் கேட்டுட்டே இருப்பேனுங்க. நடுவுல கொஞ்ச நாள், அம்மா ஒரு சத்தம் போட்டா பின்னாடியே மிக்சர் வீல்னு ஒரு கத்து கத்தும். அப்பறம் ரெண்டும் நின்னுருச்சுங்க."

அந்தக் கத்தலைத்தான் மீட்டர் எண்ணியிருக்கிறது, இப்போது நின்றுவிட்டது, உனக்கும் தொந்தரவு இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனாலும் உடனே போகவில்லை. நாய் குரைப்பதை அவள் எழுதிக் கொடுத்தது ஏப்ரல் மாதத்தில் என்றும், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில்தான் அது ரொம்பக் குரைத்ததென்றும், நோட்டீஸ் வருவதற்கு முன்பே தானாகக் குறைந்துவிட்டதென்றும் சொன்னாள். இதை அப்போதே மேலே வந்து சொல்லியிருக்க வேண்டும், தன் மேல்தான் தப்பு என்றாள்.

குறைந்திருந்தால் முதல் நாளே நாற்பத்தொன்று எப்படி வரும்? சின்னப் பெண், குழந்தை பெற்ற அலுப்பு, எதையோ எதனோடோ குழப்பிக்கொள்கிறாள்.

முறுக்கு நன்றாக இருந்தது.

ஜூலை 4, வியாழன்

ஆஸ்பத்திரி. பெனிட்டா படங்களைக் காட்டிச் சோதித்தாள். பால், சாவி, பூ, வீடு. போன மாதம் பன்னிரண்டு சொன்னவள் இன்றைக்கு மூன்று சொன்னாள், அதுவும் உதட்டசைவில். சத்தமே இல்லை. புது ஸ்கேன் பார்த்த டாக்டர் மூளையில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முயற்சி செய்வதில்லை, தாளைத் தூக்கிப் போடுகிறாள், நாயைக்கூட அண்ட விடுவதில்லை என்றேன். அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். சாரதா என்னைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

பெனிட்டா என்னை வெளியே கூட்டிவந்து சொன்னாள். "மறந்து போகல சார். ஒவ்வொரு படத்தப் பாக்கறப்பவும் அவங்க கண்ணுல தெரியுது. வார்த்த வாய் வரைக்கும் வருது, அவங்களேதான் உள்ள புடிச்சு வெச்சுக்கறாங்க."

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 6, சனி

பெனிட்டா பத்தே முக்காலுக்கு வந்தாள். நாய் முன்பெல்லாம் காலடியிலேயே இருக்கும் என்று நான் சொல்லியிருந்ததால், முதல் வேலையாகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பிஸ்கட் காட்டி மிக்சரை வெளியே அழைத்து வந்தாள். சாரதாவின் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சாரதா வேண்டாமென்று வேகமாகத் தலையாட்டி ஊன்றுகோலால் அதைத் தள்ளினாள். பெனிட்டா ஊன்றுகோலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நான் முதலில் சொல்கிறேன், நீங்கள் அப்புறம் சொல்லுங்கள் என்று குனிந்து, அடிவயிற்றிலிருந்து "ஆ" என்றாள்.

மிக்சர் துள்ளி விழுந்து சுவரோரமாக ஓடியது.

பெனிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது ஒரு பீப் கேட்டதே, அது என்ன என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்து நாயின் பக்கத்தில் போய் இன்னொரு தடவை, கொஞ்சம் மெதுவாக "ஆ" என்றாள். மிக்சரின் உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. டிவி மேல் இருந்த ரிமோட்டை எடுத்துப் பார்த்தேன். 2 என்று காட்டியது.

"நாய் குரைக்கவே இல்ல சார். நான் பேசினதுக்கு அதுக்கு ஷாக் அடிக்குது."

நான் சாரதாவைப் பார்த்தேன். அவள் இடது கையைக் கழுத்தில் வைத்து அமுக்கிக் காட்டினாள். அன்றைக்குக் காட்டின மாதிரியே.

கட்டர் எடுத்து வந்து டேகை வெட்டினேன். மூன்று தடவை தவறியது. பெல்ட்டை எடுத்த இடத்தில் ரோமம் உதிர்ந்து இரண்டு புண், முள் பதிந்த இடம்.

ஜூலை 7, ஞாயிறு

மிக்சரின் கழுத்துக்கு மருந்து போட்டேன். கடிக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

41. 33. 17. 12. 4. பூஜ்யம்.

அது மிக்சர் குரைத்த கணக்கு இல்லை. சாரதா பேசிய கணக்கு. இருபத்து நாலாம் தேதி வந்த அந்த 9 மட்டும் நான் கத்திய கணக்கு. முதல் நாள் காலையும் சாயங்காலமும் அடிவயிற்றிலிருந்து அவள் நாற்பத்தொரு தடவை பேசியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவள் பாதத்தின் மேல் படுத்திருந்த உயிருக்கு ஷாக் அடித்திருக்கிறது. அந்தப் பீப் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு மூன்று நாளில் புரிந்துகொண்டிருப்பாள். ஊன்றுகோலால் தள்ளிப் பார்த்தாள், அது திரும்பத் திரும்ப அவளிடமே வந்தது. ஒற்றைக் கையால் கொக்கியைக் கழற்றிப் பார்த்தாள், நான் டேக் போட்டு இறுக்கினேன். கழுத்தைத் தொட்டுக் காட்டிக் கெஞ்சினாள், நான் அவள் கழுத்தில் தாலியைக் கொண்டுவந்து மாட்டினேன். வேறு வழி என்ன இருந்தது அவளுக்கு? வாயை மூடிக்கொண்டாள். எண்ணிக் கொடுத்த ஆறு மாதத்தில் ஒரு மாதத்தை அந்த நாய்க்குக் கொடுத்துவிட்டாள்.

அதற்கு நான் கேசரி கிண்டினேன்.

ஜூலை 10, புதன்

சாரதாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் சொன்னதில்லை. சொல்லும்போதே சத்தம் பெரிதாகிவிட்டது, மிக்சர் எழுந்து உள்ளே போய்விட்டது. அவள் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டினால் தெரிந்திருக்கும். திட்டவும் அவளிடம் வார்த்தை இல்லை.

காது மெஷின் வாங்குவதாகத் திலீபனிடம் போனில் சொன்னேன். எதற்கு இப்போது திடீரென்று என்றான். அம்மாவுக்கு நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

பெல்ட் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. மிக்சரின் புண் ஆறிவிட்டது. சத்தம் இல்லாதவரைக்கும் அவள் பாதத்தின் மேல் வந்து படுக்கிறது, முன்போலவே மோவாயை வைத்துக்கொண்டு.

பயிற்சி நேரத்தில் சாரதா வாயைத் திறக்கிறாள். திறந்தவுடன் கண் நாயின் கழுத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், நான் எத்தனையோ தடவை தொட்டுக் காட்டிவிட்டேன். இருந்தாலும் வாய் மூடிக்கொள்கிறது. இருபது நிமிஷமும் இப்படியே போகிறது. நான் சமையலறைக் கதவைச் சாத்துவதில்லை இப்போது. கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் சொல்வதில்லை.

ஜூலை 30, செவ்வாய்

மிக்சரும் குரைப்பதில்லை. கொரியர்காரருக்கும் இல்லை, பால்காரருக்கும் இல்லை. கொஞ்சம் குரைத்தாலும் பரவாயில்லை, நான் மயில்சாமியிடம் பேசிக்கொள்கிறேன் என்று நிவேதா படியேறி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த நோட்டில் எழுத என்ன இருக்கிறது. கீரை கடைந்தேன். துணி காயப் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பெனிட்டா போனில் ஒரு யோசனை சொன்னாள். நாய் பக்கத்தில் இருந்தால்தானே அவர்கள் பயப்படுகிறார்கள், கொஞ்ச நாளைக்கு வேறெங்காவது வைத்துப் பாருங்கள் என்றாள். அன்னூரில் என் தம்பி தோட்டம் இருக்கிறது. சாரதாவிடம் கேட்டேன். அவள் குனிந்து இடது கையால் மிக்சரை அணைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. சரி, அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. பயிற்சி நேரத்துக்கு மட்டும் நானும் மிக்சரும் வெளியே போய்விடுகிறோம், வீட்டில் நீ மட்டும் இரு என்றேன். அவள் சரியென்று தலையை அசைத்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இருபது நிமிஷமும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம், நானும் மிக்சரும். பிறகு உள்ளே போய், பேசினாயா என்று அவளிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அதேதான். காதுக்கு அளவெடுத்துவிட்டார்கள், மெஷின் வரப் பத்து நாளாகுமாம்.

ஆகஸ்ட் 14, புதன்

பதினொரு மணிக்கு மிக்சரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இன்றைக்குப் படிக்குப் போகவில்லை, கதவில் சாய்ந்து வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன், அது என் மடியில். கதவில் காதை வைத்துப் பார்த்தேன். என் காதுக்கு என்ன கேட்கும். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் என்ன செய்கிறாளோ, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும்.

மிக்சரின் காது விறைத்து எழுந்தது. கதவைப் பார்த்தது. அடுத்த நொடி காது பின்னால் படுத்தது, வால் வயிற்றுக்கடியில் போனது, உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. லிஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது, படியில் யாரும் இல்லை. என்னவென்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே சாரதா பேசியிருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு ஓடலாமா என்றிருந்தது. ஓடினால் நிறுத்திவிடுவாள். அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மிக்சர் மறுபடி நடுங்கியது. என் மடிக்குள்ளேயே இன்னும் உள்ளே போகப் பார்த்தது, நகம் வேட்டியில் மாட்டிக்கொண்டது. ஒன்றுமில்லடா, அம்மாதான்டா பேசறா, இனி ஒன்றும் பண்ணாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் சத்தத்துக்கும் அது பயப்படும். சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டேன்.

பொத்திக்கொண்டே, அது இன்னும் ஒரு தடவை நடுங்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.